பட்டா தொலைந்தால் வீட்டையா இடிப்பார்கள்?

திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். ஓர் அறை, நான்கு கடைசி வருட மாணவர்கள். கட்டிலுக்கு அடியில் ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய சர்வர் ஒன்று. (அது போடும் சத்தத்தில் பக்கத்து அறைக்காரருக்குத் தூக்கம் போய் மாதக்கணக்காகிறது.) அதில் லினக்ஸ் போட்டு, கேவிஎம் வைத்து, ஆறு விஎம்களை, அதாவது ஆறு மெய்நிகர் கணினிகளை ஓட்டுகிறார்கள். ஒன்றில் ப்ராஜெக்டின் டேட்டாபேஸ், ஒன்றில் வெப் சர்வர், ஒன்றில் எட்டு மாதமாகச் சேர்த்த சென்சார் அளவுகள், இப்படி. கற்பனைதான். ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் யாரும் இப்படி ஓர் அறையைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

புதன்கிழமை ராத்திரி நால்வரில் ஒருவர் சர்வரைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று தேவையில்லாத ஃபோல்டர்களை நீக்குகிறார். அதில் ஒன்று இடிசி ஃபோல்டருக்குள் லிப்விர்ட் வைத்திருக்கும் க்யூஈஎம்யூ ஃபோல்டர். எதுவும் நடக்கவில்லை. ஆறு விஎம்களும் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கின்றன. வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குக் கரண்ட் போகிறது. யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துப் போனது. கரண்ட் வந்து சர்வரும் எழுந்த பிறகு பட்டியலைக் கேட்டால், வெறும் தலைப்பு வரி மட்டும் வருகிறது. கீழே ஒரு பெயர்கூட இல்லை.

திங்கட்கிழமை ரிவ்யூ.

"டேய், எல்லாம் போச்சுடா."

"விடு மச்சி. இருக்கிறதைத் துடைச்சிட்டு ஃப்ரெஷ்ஷா போட்டுடலாம். ரெண்டு நாள் இருக்கு."

மொத்தக் கதையும் இந்த இரண்டாவது ஆளிடம்தான் இருக்கிறது. முதல் ஆள் சொன்னது பொய், ஆனால் அதனால் ஆபத்து எதுவும் இல்லை. இரண்டாவது ஆள் பென்டிரைவைச் சொருகி, இன்ஸ்டால் ஆரம்பித்து, "டிஸ்க்கை முழுவதும் அழிக்கவா?" என்ற கேள்விக்கு ஆமாம் போடும் அந்த நொடியில்தான் எட்டு மாத உழைப்பு நிஜமாகவே போகும். அதுவரை எதுவும் போகவில்லை.

ஏன் என்று புரிய, விஎம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கல்லூரியில் "மெய்நிகராக்கம் என்றால் என்ன? இரண்டு மதிப்பெண்" என்று கேட்பார்கள். ஹைப்பர்வைசர் படம் போட்டால் மார்க் கிடைத்துவிடும். சர்வரின் டிஸ்க்கில் ஒரு விஎம் எந்த உருவத்தில் கிடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு உருவமாகக் கிடக்கிறது. ஒன்று அதன் வன்தட்டு, ஒரே ஒரு பெரிய கோப்பு. 40 ஜிபி, 100 ஜிபி என்று இருக்கும். இயங்குதளம், டேட்டாபேஸ், ஃபோட்டோக்கள், பாஸ்வேர்டுகள் எல்லாம் அதற்குள். மற்றது ஒரு நோஞ்சான் கோப்பு, சில கிலோபைட் எழுத்து. "இதற்கு 4 ஜிபி நினைவகம், 2 சிபியூ, இந்த நெட்வொர்க் அட்டை, அதற்கு இந்த மேக் எண், வன்தட்டு இந்த இடத்தில் இருக்கிறது" என்று எழுதி வைத்த சீட்டு. அதுதான் கான்ஃபிக் கோப்பு. கேவிஎம்மில் அது எக்ஸ்எம்எல். விஎம்வேரில் விஎம்எக்ஸ் என்று முடியும். ப்ராக்ஸ்மாக்ஸில் 100, 101 என்று எண்ணைப் பெயராகக் கொண்ட சின்னக் கோப்பு.

வீட்டுக்கும் பட்டாவுக்கும் உள்ள உறவுதான் இது. பட்டா தொலைந்தால் தாலுக்கா ஆபீசுக்கு அலைய வேண்டியிருக்கும். ஆனால் வீடு நின்றுகொண்டுதான் இருக்கும். மேன்ஷன் மாணவர்கள் தொலைத்தது ஆறு பட்டாக்களை. 40 கிலோபைட்கூடத் தேறாது!

இது மாணவர்களின் அசட்டுத்தனம் என்று சிரிப்பவர்கள் 2023 பிப்ரவரியை நினைத்துப் பார்க்கலாம். அந்த மாதம் 3ஆம் தேதி வாக்கில், ஈஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்று பின்னால் பெயர் பெற்ற ஒரு ரான்சம்வேர், விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களை உலகம் முழுக்கத் தாக்கியது. அது நுழைந்ததாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கு விஎம்வேர் 2021 பிப்ரவரியிலேயே ஒட்டுப் போட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு வருடம் அந்த ஒட்டைப் போடாமல் இருந்த சர்வர்கள், அதுவும் இணையத்துக்கு நேராகத் திறந்து கிடந்தவை, மாட்டிக்கொண்டன. 3,800க்கும் மேற்பட்ட சர்வர்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐயும் சிஐஎஸ்ஏ என்ற சைபர் பாதுகாப்பு அமைப்பும் கணக்குச் சொன்னார்கள். புளோரிடா மாநில உச்ச நீதிமன்றமும் சில பெரிய பல்கலைக்கழகங்களும் பாதிக்கப்பட்டவர்களில் உண்டு என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. மிரட்டல் கடிதத்தில் கேட்டது ஏறத்தாழ இரண்டு பிட்காயின்.

பார்த்தவர்களுக்கு எல்லாமே போய்விட்டதாகத்தான் தெரிந்தது. ஒரு விஎம்கூட எழவில்லை. ஆனால் உள்ளே நடந்தது வேறு. விஎம்வேரில் ஒரு வன்தட்டு என்பது இரண்டு கோப்பு. விஎம்டிகே என்று முடியும் ஒரு சின்ன விவரக் கோப்பு, சில நூறு பைட். அதன் பக்கத்தில் ஃப்ளாட் என்று பெயரில் சேர்த்துக்கொண்ட பிரம்மாண்டமான நிஜக் கோப்பு. தாக்கிய நிரல் அவசரக்காரன். விஎம்எக்ஸ் கோப்பு, விவரக் கோப்பு போன்ற சின்னவற்றை முழுவதுமாகப் பூட்டியது. பல சர்வர்களில் அந்த ஃப்ளாட் கோப்புகள் பூட்டப்படாமலே கிடந்தன. அதாவது பட்டாவைக் கிழித்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு விலை கேட்டிருக்கிறார்கள்!

இதைக் கவனித்துப் படிப்படியாக எழுதி உலகத்துக்குக் கொடுத்தவர்கள், யோர்குரூப் என்ற நிறுவனத்தின் தொழில்நுட்பக் குழுவைச் சேர்ந்த எனெஸ் சோன்மெஸ், அஹ்மெத் அய்காச் என்ற இருவர். அவர்கள் வழியை வைத்து சிஐஎஸ்ஏ பிப்ரவரி 7ஆம் தேதியே ஒரு மீட்பு ஸ்கிரிப்டை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டது. அது எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. மிச்சமிருந்த ஃப்ளாட் கோப்பைப் பார்த்து, தொலைந்த சின்னக் கோப்புகளைப் புதிதாக எழுதியது. அவ்வளவுதான். நாலைந்து நாள் தாக்குப்பிடித்துச் சும்மா இருந்தவர்கள் பிழைத்தார்கள். முதல் நாளே "எப்படியும் போனது போனதுதான்" என்று சர்வரைத் துடைத்துப் புதிதாக நிறுவியவருக்கு அந்த ஸ்கிரிப்டால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. (தாக்கியவர்களும் செய்தி படிப்பவர்கள்தான். அடுத்த சில நாட்களில் வந்த இரண்டாவது அலையில், 128 எம்பிக்கு மேலான கோப்புகளில் பாதிக்குப் பாதி பூட்டும்படி நிரலை மாற்றிவிட்டார்கள். அதில் இந்த வைத்தியம் பலிக்கவில்லை.)

ஆக, கான்ஃபிக் தொலைந்த உடனே செய்ய வேண்டிய முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. கேட்கச் சுலபம். இரவு பதினொரு மணிக்கு நாலு பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லும்போது இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.

மேன்ஷன் அறைக்குத் திரும்புவோம். அவர்கள் கோட்டை விட்ட இடம் ஒன்று உண்டு. புதனிலிருந்து வெள்ளி வரை இரண்டு நாள், ஃபோல்டர் போன பிறகும் விஎம்கள் ஓடிக்கொண்டிருந்தன அல்லவா? அந்த இரண்டு நாளும் ஆறு சீட்டுகளின் நகலும் லிப்விர்ட்டின் நினைவில் இருந்தன. டம்ப்எக்ஸ்எம்எல் என்ற ஒரே கட்டளையில் ஆறையும் கேட்டு எழுதிக்கொண்டிருக்கலாம். அதையும் தாண்டி, லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தாலும், அந்த நிரல் நிற்கும்வரை கோப்பு உண்மையில் அழிவதில்லை. ப்ராக் ஃபோல்டர் வழியாக வன்தட்டுக் கோப்பையே திருப்பி எடுத்துவிடலாம். "ஏதோ கோளாறு, ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு" என்பது நம் ஊரின் சர்வரோக நிவாரணி. டிவி பெட்டிக்கு அது சரி. இந்த நோய்க்கு அது விஷம்.

சரி, கரண்ட் போய்விட்டது, நினைவும் போய்விட்டது. இனி எங்கே தேடுவது?

லாக் கோப்பில். ஒவ்வொரு விஎம்மையும் துவக்கும்போது லிப்விர்ட் அதை எந்தக் கட்டளையால் துவக்கியது என்பதை முழுவதுமாக அந்த விஎம்மின் பெயரிலேயே லாகில் எழுதி வைக்கிறது. எவ்வளவு நினைவகம், எத்தனை சிபியூ, எந்த வகை மதர்போர்டு, வன்தட்டு எங்கே இருக்கிறது, 52:54:00 என்று ஆரம்பிக்கும் மேக் எண் என்ன, யூயுஐடி என்ன, எல்லாம் ஒரே நீளமான வாக்கியத்தில். விஎம்மைத் துவக்கி ரொம்ப நாளாகியிருந்தால் அந்த வரி பழைய, சுருக்கிக் கட்டிய லாக் கோப்புக்குள் போயிருக்கலாம். அதையும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். விஎம்வேரிலும் இதே கதைதான். விஎம் ஃபோல்டருக்குள் இருக்கும் லாக், ஒவ்வொரு முறை எழும்போதும் விஎம்எக்ஸ் கோப்பின் வரிகளை டிக்ட் என்ற சொல்லோடு அப்படியே ஒப்பிக்கும். அந்த வரிகளைக் கத்தரித்து ஒட்டினால் பாதிக் கோப்பு தயார்.

இதே வேலையைக் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் செய்த ஒருவர் இதே திருவல்லிக்கேணியில் குடியிருந்தார். 1903ல் மாநிலக் கல்லூரிக்கு வந்த உ.வே.சாமிநாதையர்தான். பிள்ளையார் கோயில் தெருவில் தியாகராச விலாசம் என்ற அவருடைய வீடு 2012ல் இடிக்கப்பட்டுவிட்டது. (பட்டா இருந்தும் வீடு போன கதை, அது வேறு.) அவர் கைக்கு வந்த ஏடுகள் எந்த நிலையில் வந்தன? கயிறு அறுந்து, வரிசை குலைந்து, முதல் ஏடும் கடைசி ஏடும் இல்லாமல், நூலின் பெயரே தெரியாமல். உள்ளே பாட்டு இருக்கிறது, வெளியே சீட்டு இல்லை. அவருக்கு உதவியவை உரைகள். நச்சினார்க்கினியர் போன்ற உரையாசிரியர்கள் வேறொரு நூலுக்கு உரை எழுதும்போது, பெயர் சொல்லாமல் பழைய நூல்களிலிருந்து அடிகளை எடுத்துக் காட்டியிருப்பார்கள். அந்த அடியை மனதில் வைத்துக்கொண்டு ஏட்டைப் புரட்டும்போது அதே அடி கண்ணில் பட்டால், ஏடு எதுவென்று துப்புக் கிடைக்கும். நம் லாக் கோப்பு செய்வதும் அந்த உரையின் வேலைதான். தொலைந்த மூலத்தை வேறு காரணத்துக்காக எப்போதோ மேற்கோள் காட்டி வைத்திருக்கிறது.

அவரிடம் கற்றுக்கொள்ள இன்னொன்றும் உண்டு. குறிஞ்சிப்பாட்டில் வரும் பூக்களின் பட்டியலில் சில பெயர்கள் அவர் பார்த்த ஏடுகளில் இல்லை. தமிழ்ப் புலவர் ஒருவருக்கு நாலு பூவின் பெயரை யாப்புக்குப் பொருந்தும்படி போட்டு நிரப்புவது பெரிய காரியமா? அவர் அதைச் செய்யவில்லை. ஊர் ஊராகத் தேடி, தருமபுர மடத்து ஏட்டில் அந்த அடிகளைக் கண்டு சேர்த்தார். வேறு நூல்களில் கிடைக்காத இடங்களைப் புள்ளி வைத்து அப்படியே விட்டு அச்சிட்டார்.

விஎம் மீட்பில் இந்தப் பொறுமை இல்லாதவர்கள்தான் அதிகம். நினைவகம் 4 ஜிபியா 8 ஜிபியா என்று தெரியாவிட்டால் ஊகித்துப் போடலாம், குடி முழுகாது. வேறு சில ஊகங்கள் முழுக்கிவிடும். விஎம்வேரின் விவரக் கோப்பைத் திரும்ப எழுதும்போது வன்தட்டின் அளவு ஒரு பைட்கூடப் பிசகக் கூடாது. ஃப்ளாட் கோப்பு 42949672960 பைட் என்றால், அதை 512ஆல் வகுத்து 83886080 செக்டர் என்று எழுத வேண்டும். "ஏறக்குறைய 40 ஜிபிதானே" என்று தோராயமாகப் போட்டால் நடக்காது. வன்தட்டை இணைக்கும் கன்ட்ரோலர் வகையை மாற்றிப் போட்டால் விண்டோஸ் நீலத் திரையோடு நிற்கும். பார்ப்பவர் டேட்டா கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பவும் பென்டிரைவைத் தேடுவார். லினக்ஸ் விஎம்மில் மதர்போர்டு வகை மாறினால் நெட்வொர்க் அட்டையின் பெயர் மாறிவிடும். இஎன்எஸ்3 என்று இருந்தது இஎன்பி1எஸ்0 என்று எழும். உள்ளே எல்லாம் நன்றாக இருக்கும், வெளியிலிருந்து பிங் போகாது. அந்தக் க்யூஈஎம்யூ ஃபோல்டருக்குள்தான் மெய்நிகர் நெட்வொர்க்கின் கோப்பும் இருந்தது. அதுவும் சேர்ந்து போயிருக்கும். அதைப் பற்றி விஎம் லாகில் ஒரு வரியும் இருக்காது. நல்லவேளையாக, டிபால்ட் நெட்வொர்க்கின் மாதிரி ஒன்று மென்பொருளோடு வந்த கோப்புகளில் யூஎஸ்ஆர் ஷேர் ஃபோல்டரில் கிடைக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பள்ளம் ஸ்னாப்ஷாட். ஸ்னாப்ஷாட் எடுத்தபின் பழைய வன்தட்டுக் கோப்பு அப்படியே உறைந்துவிடும். மாற்றங்கள் புதிய கோப்பில் போகும். கான்ஃபிக் கோப்பு கடைசிப் புதிய கோப்பைக் காட்டிக்கொண்டிருக்கும். கான்ஃபிக் தொலைந்த பதற்றத்தில் ஃபோல்டரைத் திறந்தவர் கண்ணில் முதலில் படுவது பெரிய, பழைய கோப்பு. அதை இணைத்து விஎம்மை எழுப்புகிறார். எழுகிறது! ஆனால் ஆறு மாதத்துக்கு முந்தைய கோலத்தில் எழுகிறது. எழுந்த நொடியிலிருந்து அந்த உறைந்த கோப்பில் எழுதவும் ஆரம்பித்துவிடும். அதன்மேல் உட்கார்ந்திருந்த ஆறு மாத மாற்றங்கள் இனி எதோடும் ஒட்டாது. தொலைந்தது கான்ஃபிக், கொன்றது மீட்பு. க்யூகவ்2 கோப்பின் தலைப்பகுதியிலேயே "என் அடியில் இருப்பது இன்னார்" என்று எழுதியிருக்கும். இன்ஃபோ கட்டளையில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பார்ப்பதில்லை.

அதனால் எந்த விஎம்மையும் எழுப்புவதற்கு முன் வன்தட்டுக் கோப்புகளை முழுவதுமாக வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டும். 300 ஜிபி, விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் 50 நிமிடம். சனிக்கிழமை காலையில் நகலை ஓடவிட்டு நால்வரும் ரத்னா கபேயில் சாம்பார் இட்லி சாப்பிட்டு வருவதற்குச் சரியாக இருக்கும். இந்த 50 நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பலர் எட்டு மாதத்தைத் தொலைக்கிறார்கள்.

எல்லாம் மீளும் என்று அடித்துச் சொல்வதும் நேர்மை இல்லை. விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனில் விஎம்மைப் பாஸ்வேர்டு போட்டு என்க்ரிப்ட் செய்திருந்தால், திறக்கத் தேவையான சாவிப் பகுதி அந்த விஎம்எக்ஸ் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. அது போனால் 40 ஜிபியும் வெறும் இரைச்சல்தான். மெய்நிகர் டிபிஎம் வைத்து உள்ளே பிட்லாக்கர் போட்ட விண்டோஸும் அப்படித்தான், ரெக்கவரி கீயை எங்காவது எழுதி வைத்திருந்தால் தவிர. அங்கே பட்டாவும் வீடும் ஒன்று. பாதுகாப்பு கூடக்கூட அந்த நோஞ்சான் கோப்பின் எடை கூடுகிறது என்பதை, என்க்ரிப்ஷன் டிக் பெட்டியைச் சொடுக்கும்போது யாரும் சொல்வதில்லை.

இதைப் படிக்கும் சிலர் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பார்கள். "இந்தக் காலத்தில் யாரப்பா விஎம்மை உட்கார்ந்து மீட்கிறார்கள்? அன்சிபிள், டெராஃபார்ம் எல்லாம் வைத்து ஒரு ஸ்கிரிப்டைத் தட்டினால் புதிது வந்துவிடும். சர்வர் என்பது மந்தையில் ஒரு மாடு, ஒன்று செத்தால் இன்னொன்று." பெரிய கம்பெனிகளுக்கு இது உண்மை, அவர்களுக்கு இது நல்ல வழியும்கூட. ஆனால் திருவல்லிக்கேணியிலும் ராயப்பேட்டையிலும் இருக்கும் அச்சகம், ஆடிட்டர் ஆபீஸ், சின்னப் பள்ளிக்கூடம் இவர்களிடம் மந்தை இல்லை. ஒரே ஒரு பசுதான், அதற்குப் பெயரும் உண்டு. எப்போதோ ஒருவர் வந்து கணக்கு மென்பொருளை ஒரு விஎம்மில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மென்பொருளின் இன்ஸ்டால் சிடி எங்கே என்று தெரியாது. லைசென்ஸ் அந்த மேக் எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. இவர்களுக்குப் "புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்பது பதிலே இல்லை. இருப்பதை எழுப்பத் தெரிந்த ஆள்தான் தேவை.

அந்த ஆளை நம் கல்லூரிகள் உருவாக்குவதில்லை என்பதுதான் இங்கே குறை. லேபில் விஎம் நிறுவுவது ஒரு பயிற்சி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டினால் கையெழுத்து கிடைக்கும். அடுத்த வாரம் அதே விஎம்மின் கான்ஃபிக் கோப்பை ஆசிரியரே அழித்துவிட்டு, "இப்போது எழுப்பு பார்க்கலாம்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? செலவு பைசா கிடையாது. இரண்டு மணி நேர லேப் போதும். வன்தட்டு எது, சீட்டு எது, லாக் எங்கே இருக்கிறது, ஏற்கெனவே இருக்கும் வன்தட்டை வைத்துப் புதிய சீட்டு எழுத இம்போர்ட் என்ற வழி இருக்கிறது என்பதெல்லாம் ஒரே மதியத்தில் கைக்கு வந்துவிடும். அதைவிட முக்கியமாக, "எல்லாம் போச்சுடா" என்று கத்துவதற்கு முன் டிஸ்க் கோப்பு இருக்கிறதா என்று ஒருதடவை பார்க்கும் பழக்கம் வரும். நிறுவுவதை மென்பொருளே நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்துவிடும். அதற்கு எதற்கு ஒரு லேப்?

பேக்கப் விஷயத்திலும் இதே தலைகீழ்தான். பெரிய கோப்புக்குத்தான் டேப், எக்ஸ்டர்னல் டிஸ்க், க்ளவுட் எல்லாம். சின்னக் கோப்பு சர்வரின் பூட் டிஸ்க்கில் அநாதையாகக் கிடக்கும். ப்ராக்ஸ்மாக்ஸில் விஎம்களின் கான்ஃபிக் எல்லாம் ஒரே ஒரு எஸ்க்யூலைட் கோப்பில் உட்கார்ந்திருக்கிறது. இதைப் பலர் பூட் டிஸ்க் செத்த அன்றுதான் தெரிந்துகொள்கிறார்கள். அங்கேயாவது வன்தட்டின் பெயரிலேயே விஎம் எண் ஒட்டியிருக்கும், எது எதனுடையது என்று அடையாளம் காணலாம். தினமும் ராத்திரி ஆறு எக்ஸ்எம்எல்லையும் தனக்குத்தானே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ள ஒரு கிரான் வரி போதும். பிரிண்ட் எடுத்துச் சர்வர் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்தாலும் சரிதான். காகிதத்தை எந்த ரான்சம்வேரும் பூட்டியதாகத் தகவல் இல்லை :-)

மேன்ஷன் அறையில் சனிக்கிழமை மதியத்துக்குள் நான்கு விஎம்கள் எழுந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். லாகில் இருந்ததை அப்படியே எழுதியதால் மேக் எண்கூட மாறவில்லை. ஐந்தாவதில் மதர்போர்டு வகையைத் தவறாகப் போட்டதால் நெட்வொர்க் வரவில்லை, அதைத் திருத்த அரை மணி நேரம். ஆறாவதற்கு லாக் இல்லை. யார் துவக்கினார்கள், எதற்கு என்று நால்வருக்கும் நினைவில்லை. அதன் வன்தட்டைப் படிக்க மட்டும் என்று இணைத்துத் திறந்தால், உள்ளே ஹோஸ்ட் பெயராகப் போன வருடம் படித்து முடித்துப் போன சீனியரின் பெயர். அவருடைய ப்ராஜெக்ட், ஒரு ரெஸ்யூம், கொஞ்சம் ஃபோட்டோக்கள். சர்வரோடு சேர்ந்து கைமாறி வந்தது, இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதைத் தொடாமல் மூடி, நகலை ஒரு பென்டிரைவில் போட்டு, அண்ணனுக்கு ஃபோன் செய்கிறார்கள். ரிங் போகிறது.